சலூன்காரர் கேட்ட ஓட்டு

மேயர் தோற்க வேண்டும். எதனால் தோற்றோம் என்பது அவருக்குத் தெரியவும் வேண்டும். மனைவி போன பிறகு சலூன்காரருக்கு இந்த இரண்டையும் விட்டால் வேறு ஆசை கிடையாது. சாப்பாடு, தூக்கம், கடை எல்லாம் இந்த இரண்டுக்கும் பின்னால்தான் வரிசையில் நின்றன.

அதுவரை அவருக்கு அரசியல் என்பது கடை பெஞ்சில் கிடக்கும் செய்தித்தாள். அதையும் வாடிக்கையாளர்கள்தான் படித்தார்கள். தேர்தல் நாளில் மதியம் வரை தூங்குவார். மனைவி உலுக்கி எழுப்பி இழுத்துக்கொண்டு போவாள். திரும்பும்போது, "யாருக்குப் போட்டீங்க?" என்பாள்.

"மேல எந்தப் பேர் இருந்துச்சோ அதுக்கு."

"நீங்க ஓட்டுப் போடலன்னு இங்க யார் அழுதா?" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அடுத்த தேர்தலுக்கும் அவளேதான் எழுப்புவாள்.

பேசாத சலூன்காரர் என்றுதான் அவருக்குப் பெயர். மற்றக் கடைகளில் கத்தரிக்கோலோடு வாயும் சேர்ந்து ஓடும். இவர் கடையில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான். வீட்டில் பிள்ளைகள், வேலையில் மேலதிகாரி என்று காது புளித்துப்போனவர்கள் இங்கே வந்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். சிலர் குறட்டையே விடுவார்கள். குறட்டை விடுகிறவருக்கு மீசை திருத்துவது சுலபமில்லை. மூச்சு உள்ளே போகும்போது உதடு நகரும். அவர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பார், மூச்சு அடங்கியதும் ஒரு இழுப்பு இழுப்பார். அந்த ஆள் எழுந்திருக்கவே மாட்டார்.

வேலைக்குப் போகிறவர்கள் பகலில் பிள்ளைகளை விட்டுப்போகும் குழந்தைகள் காப்பகத்தில் மனைவி வேலை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால், காப்பகம் முழுக்கப் பேன் பிடித்த ஒரு சமயத்தில், பிள்ளைகளை ஒரு கயிற்றைப் பிடிக்கவைத்து வரிசையாகக் கடைக்குக் கூட்டிவந்தாள். கடைசிப் பிள்ளை நாற்காலியில் ஏற மாட்டேன் என்று தரையில் புரண்டது. அவளே நாற்காலியில் உட்கார்ந்து அதை மடியில் இறுக்கிக்கொண்டாள். "என் முடியையும் சேத்து வெட்டிடாதீங்க" என்றாள். அவர் வெட்டிவிட்டார். காதோரம் ஒரு கொத்து. என்ன சொல்வது என்று தெரியாமல் மறுநாள் காப்பகத்து வாசலில் போய் நின்றார். நின்றாரே தவிர வாய் திறக்கவில்லை. "முடிதானே, வளரும், போங்க" என்று அவள்தான் அனுப்பிவைத்தாள். அதற்கடுத்த நாளும் போய் நின்றார்.

கடைக்கு மேலேயே வீடு. ஒரே மகள். லிஃப்ட் பொருத்தும் கம்பெனியில் பொறியாளராக வேறொரு நகரத்தில் இருந்தாள். கடைத் துண்டுகளைக் கொதிநீரில் போட்டு எடுத்துக் காயவைத்து மடித்துத் தருவது மனைவியின் வேலை. அவள் மடித்த துண்டுக்கு நான்கு மூலையும் சேரும். அவர் மடித்தால் சேராது.

அவர்கள் தெரு நீளமானது. ஒரு முனையில் பெரிய சாலை, மறுமுனையில் ரயில்பாதைச் சுவர். சலூன் சுவரை ஒட்டி, கடைசியில் இருந்தது. மேயர் பதவிக்கு வந்ததும் அதை நடைபாதைத் தெருவாக மாற்றினார். தாரைப் பெயர்த்துக் கற்கள் பதித்தார்கள். தெரு முகப்பில் இடுப்பளவு உயரத்துக்கு இரும்புக் கம்பங்கள் நட்டு வண்டிகளை நிறுத்தினார்கள். நடுக்கம்பம் மட்டும் கழற்றுகிற மாதிரி. அதற்கு ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. குப்பை வண்டிக்காரர்கள் தெருமுனையிலேயே நின்று தள்ளுவண்டியை உள்ளே அனுப்பினார்கள். சாவி மேயர் ஆபீஸில் இருப்பதாகச் சொன்னார்கள். யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. சலூன்காரரும் யோசிக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் பகலில், தெருவில் மற்றக் கடைகள் எல்லாம் சாத்தியிருந்தபோது, மாடியில் துண்டு மடித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் ஓடிவந்து பார்த்தபோது முகமெல்லாம் வியர்வை. "கீழ ஆள் காத்துக்கிட்டு இருப்பாங்க, நீங்க போங்க" என்றாள்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. அதன் சத்தம் அவருக்குக் கேட்டது. மனைவியின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் சத்தம் கிட்டே வரவில்லை. ஒரே இடத்தில் நின்று கத்தியது. கத்திக்கொண்டே இருந்தது.

தெருமுனையில் ஆம்புலன்ஸ் டிரைவர் போன் போட்டுக் கேட்டபோது, சாவி மேயருடைய கார் டிரைவரிடம் இருக்கிறது, அவர் மேயரோடு வெளியூர் போயிருக்கிறார் என்று பதில் வந்தது. யாரையாவது பூட்டை உடைக்க அனுப்புகிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். பொறுத்தார்கள். யாரும் வரவில்லை. பிறகு தள்ளுபடுக்கையோடு ஓடிவந்தார்கள். கற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் அதன் சின்னச் சக்கரம் போய்ச் சிக்கியது. எடுத்தார்கள், மறுபடி சிக்கியது. கடைசியில் தூக்கிக்கொண்டுதான் ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம்" என்றார்.

மகள் வந்தாள். எல்லாம் முடிந்ததும் தெருமுனைக்குப் போய் அந்தக் கம்பத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வண்டி முட்டினா மடங்குற கம்பம்னே விக்கிறாங்கப்பா. அது வேணாம்னாக்கூட, ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட ஒரு சாவி குடுத்திருந்தா போதும்" என்றாள்.

துக்கம் துக்கமாகவே இருந்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் தெரு நடுவில் ஒரு செருப்புக்கடை திறப்பு விழா. மேயர் வந்தார். தெருமுனையில் கார் நின்றது. டிரைவர் இறங்கினார், சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார், கம்பத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார். கார் உள்ளே வந்தது. ஒரு ஆள் தும்மி மூக்கைத் துடைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

சலூன்காரர் கையில் சீப்போடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சீப்போடேயே போனார். மேயரின் உதவியாளர் நடுவில் வந்து மறித்துக்கொண்டார். கறுப்புக் கண்ணாடி போட்ட மனிதர். "ஐயா அவசரமா கிளம்புறார். எதுவா இருந்தாலும் ஆபீசுக்கு வாங்க."

ஆபீசுக்குப் போனார். ஐயா கூட்டத்தில் இருந்தார். இன்னொரு நாள் போனார். ஐயா வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். அடுத்த தடவை, "தேர்தல் வருது, ஐயாவுக்கு மூச்சு விட நேரமில்ல" என்றார் கறுப்புக் கண்ணாடி.

மூச்சு விட நேரமில்லையாம். படி இறங்கும்போதே சலூன்காரர் முடிவு செய்துவிட்டார்.

மேயரை எதிர்த்து நின்றவர் ஒரு பல் டாக்டர். ஐம்பது வயசுப் பெண். மேடையேறினால் குரல் நடுங்கும். சாக்கடை, குடிநீர்க் குழாய் என்று ஆரம்பித்து அதிலேயே முடிப்பார். சலூன்காரருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மேயரை எதிர்த்து ஒரு நாற்காலி நின்றிருந்தாலும் அதற்கு ஓட்டுக் கேட்டிருப்பார்.

டாக்டரம்மாவின் படத்தை வாங்கிவந்து கடைக் கண்ணாடியில் பாதியை மறைத்து ஒட்டினார்.

"அண்ணே, என் இடது காது தெரிய மாட்டேங்குதே" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"காது அங்கதான் இருக்கு, நான் பாத்துக்குறேன். நீ அந்தம்மாவப் பாரு."

பேசாத சலூன்காரர் பேச ஆரம்பித்தார். நுரையைத் தடவி, கத்தியைத் தீட்டி, தாடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்.

"இந்தத் தடவ அவன் மண்ணைக் கவ்வணும். என்ன சொல்ற?"

"ம்."

"உன் வீட்ல மொத்தம் எத்தன ஓட்டு? எல்லாம் டாக்டரம்மாவுக்குத்தானே?"

"ம்."

"இந்தத் தெருவுல ஒரு ஓட்டு அவனுக்கு விழக்கூடாது. விழுமா?"

"ம்ஹும்."

நாள் முழுக்க இதேதான். வந்தவர், போனவர், குறட்டை விட வந்து தூக்கம் கெட்டவர், எல்லோரும் ஆமாம் என்றார்கள். மகளிடம் போனில், "மொத்த ஜனமும் நம்ம பக்கம்தான்" என்றார். "எதிர்த்து ஒருத்தன் பேசலியே!"

"ஒருத்தர்கூடவாப்பா?" என்றாள் மகள்.

"ஒருத்தன்கூட."

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சொன்னார். "எங்க தெருவையும் பின்னாடி மார்க்கெட்டையும் விட்டுடுங்க. அது என் பொறுப்பு. வேற பக்கம் போய் வேலையப் பாருங்க."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "என் நாற்காலியில படுக்குறவங்களும் எனக்குத்தான் ஓட்டுங்கிறாங்க. வாயில என் கை இருக்கும், கையில ஊசி இருக்கும். நான் அவங்கள கணக்குல சேக்குறதில்ல."

"உங்க ஊசி வேற, என் கத்தி வேற டாக்டர்" என்றார் இவர் கோபமாக. "அவங்கல்லாம் என் பழைய ஆளுங்க."

"உங்க வீட்டுக்காரம்மா விஷயம் கேள்விப்பட்டேன். ஆனா ஒரு சாவ வச்சு மேடையில ஓட்டுக் கேக்க எனக்கு மனசு வராது. தப்பா நினைக்காதீங்க."

"நீங்க கேக்க வேணாம். நான் கேட்டுக்குறேன்."

மேயரின் பெரிய கூட்டம் நகர மைதானத்தில் ஒரு மாலையில் நடந்தது. எத்தனை நாற்காலி காலியாகக் கிடக்கிறது என்று கண் குளிரப் பார்க்க வேண்டும் என்று சலூன்காரர் போனார். கடைசி வரிசைக்குப் பின்னால், ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலிகள் நிறைந்திருந்தன. வாடகைக்குக் கூட்டிவந்த கூட்டம் என்று நினைத்தார். பிறகு அந்தத் தலைகளைப் பார்த்தார்.

முகத்தை வைத்து ஆளை அடையாளம் காண்கிறவர்கள் மற்றவர்கள். அவருக்குப் பிடரி போதும். மூன்றாவது வரிசையில் இரட்டைச் சுழி, மார்க்கெட் மூட்டைக்காரர். அதற்குப் பக்கத்தில் காதுக்குப் பின்னால் மச்சம், மச்சத்தைச் சுற்றி வளைத்து ஒதுக்கியது அவருடைய கத்தரிதான். நடுவில் தபால்காரரின் வழுக்கை, அதன் ஓரத்தில் அவர் போன வாரம் விட்டுவைத்த மெல்லிய வரி. வரிசை வரிசையாக, நேராக இழுத்த கோடுகள், படிய வெட்டிய பிடரிகள். அவர் கைவேலை அத்தனையும் முதுகைக் காட்டிக்கொண்டு மேயருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது.

ஓரத்தில் ஒரு காதுக்குக் கீழே சின்னப் பஞ்சு ஒட்டியிருந்தது. அன்று காலை கத்தி பட்டு ரத்தம் வந்ததும் அவரே படிகாரம் தேய்த்து ஒட்டிய பஞ்சு. எதிர்க்கடைத் தையல்காரர். சின்ன வயதிலிருந்தே டா போட்டுப் பேசுகிற சிநேகிதர். அன்று காலை நாற்காலியில் எல்லோரையும்விடப் பலமாக "ம்" என்று சொன்னவர்.

அடுத்த தடவை தையல்காரர் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தபோது சலூன்காரர் வாயைத் திறக்கவில்லை. நுரை தடவினார். வலது கன்னத்தை முடித்தார். பிறகு கேட்டார்.

"கூட்டத்துல எடம் நல்லா கெடச்சுதா?"

தையல்காரர் கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் டாக்டரம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"யார் சொன்னா?"

"உன் பிடரி சொல்லுச்சு."

"டேய்... மொதல்ல அந்தக் கத்தியக் கீழ வை."

"வச்சுட்டேன். சொல்லு."

"கழுத்துல கத்திய வச்சுக்கிட்டு யாருக்கு ஓட்டுன்னு கேட்டா எவன்டா உண்மையச் சொல்லுவான்? பாக்கப்போனா நீ 'நாளைக்குச் சாகப்போறியா'ன்னு கேட்டிருந்தாலும் 'ம்'னுதான் சொல்லியிருப்பேன்." தையல்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். "கம்பம் போட்டதுக்கப்புறம்தான் என் கடைக்கு ஆள் நடந்து வருது. முன்னாடி லாரிப் புகையத்தான் தெச்சுக்கிட்டு இருந்தேன். அத மறந்துட்டு எப்படிடா மாத்திப் போடுறது? அவ எனக்குத் தங்கச்சி மாதிரி. அதுக்காக..."

"அதுக்காக?"

"விதிடா. ஆம்புலன்ஸ் லேட்டா வந்ததுக்கு மேயர் என்ன பண்ணுவான்?"

சலூன்காரர் துண்டை உருவினார். "எந்திரி."

"இந்தப் பக்கம் இன்னும் எடுக்கல!"

"மிச்சத்த உன் மேயர்கிட்டப் போய் எடுத்துக்கோ."

ஒரு கன்னம் பளபளக்க, மறு கன்னம் நுரையோடு, தையல்காரர் தெருவைக் கடந்து தன் கடைக்குள் ஓடினார். தெருவே பார்த்துச் சிரித்தது. சலூன்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. இழுத்த இழுப்பில் ஷட்டர் தரையில் மோதியது.

அன்றே வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். கையில் எதுவும் இல்லை. அதுதான் முதல் கஷ்டம். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பாக்கெட்டில் விட்டார், எடுத்தார், பின்னால் கட்டினார். கத்தி இல்லாத சலூன்காரரிடம் எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது.

"போங்கண்ணே, அந்தம்மாவுக்கு மைக் பிடிக்கவே தெரியல."

"நீங்க பேசாம இருந்தவரைக்கும்தான் நல்லா இருந்துச்சு."

"கம்பத்தப் புடுங்கிட்டு மறுபடியும் லாரி விடப்போறாங்களா?"

மாடிப்படி ஏறி இறங்கி முழங்கால் விட்டுப்போனது. மேயர் ஒழியணும், மேயர் நாசமாப் போகணும் என்று சொல்லச் சொல்ல, கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகளின் தாய் கதவைத் திறந்தாள். இரண்டும் காப்பகத்தில் அவர் மனைவியின் கையில் வளர்ந்தவை. இவரைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் பேச்சில் கலக்கம் இல்லை.

"தப்பா நினைக்காதீங்கண்ணா. கம்பத்த எடுப்போம்னு சொன்னா என் ஓட்டு கெடையாது. இதுங்க ரெண்டும் இப்பதான் பயமில்லாம தெருவுல ஓடுதுங்க. கம்பம் போட்ட அன்னிக்கு, 'கதவத் தொற, பிள்ளைங்கள வெளிய விடு'ன்னு வந்து சொன்னதே அக்காதான்."

சலூன்காரருக்கு அது தெரியாது. அவள் அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "அப்படியா" என்றிருப்பார், அவ்வளவுதான். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"கம்பம் இருக்கட்டும்மா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் சாவியக் கேக்குறேன்."

"எந்தச் சாவி?"

"நடுக்கம்பத்துச் சாவி."

அவள் புரியாமல் பார்த்தாள். "ஆம்புலன்ஸ் வர லேட்டாயிருச்சுன்னுதானே சொன்னாங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவர் யாரிடமும் நடந்ததைச் சொல்லவே இல்லை. சபித்தார், கறுவினார், ஓட்டுக் கேட்டார். அந்தப் பகலுக்குப் பக்கத்தில் பேச்சு வந்தபோதெல்லாம் கை நடுங்கியது. ஆளின் கழுத்தில் கத்தி இருக்கும்போது கை நடுங்கக் கூடாது. அதனால் பேச்சை மாற்றிவிடுவார், அல்லது மேயரைத் திட்டிவிடுவார். கடையில் அத்தனை பேரிடம் வாய் வலிக்கப் பேசியும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே இருந்திருக்கிறார்.

இப்போது கையில் கத்தி இல்லை. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டார். வாசலில் நின்றபடியே சொன்னார். சத்தம் ஒரே இடத்தில் நின்று கத்தியதை, சாவி வெளியூர் போனதை, சக்கரம் கல்லில் சிக்கியதை. அடுத்த வாரம் செருப்புக்கடைக்குக் கார் வந்ததை. டிரைவரின் சட்டைப் பையை.

அவள் கடைசிவரை கேட்டாள். "அவர் டிரைவர் சட்டப் பையிலயா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்கண்ணா, பக்கத்து வீட்லயும் சொல்லுங்க. நானும் வர்றேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் தனியாகப் போகவில்லை. காப்பகத்துத் தாய்மார்கள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கூட வந்தார்கள். பின்தெரு, மார்க்கெட், ஆற்றங்கரைக் குடியிருப்பு, அடுத்த வட்டாரம் என்று நடந்தார். எல்லா வாசலிலும் அதையேதான் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. சொல்லி முடித்ததும், "அவன் அங்க உக்காரக் கூடாது" என்பார். அவ்வளவுதான் பிரசாரம்.

"அந்த டாக்டரம்மா நல்லா செய்வாங்களா?" என்று கேட்டார்கள்.

"தெரியாது. பல்லு நல்லா புடுங்குவாங்க."

அவருக்கு இதில் ஆறுதல் கிடைத்தது என்று சொல்ல முடியாது. கிடைத்தது வேறு. ஒவ்வொரு வீட்டிலும் கேட்டவர் முகம் இறுகுவதைப் பார்த்துவிட்டுப் படி இறங்கும்போது, மேயரின் நாற்காலியிலிருந்து ஒரு ஆணி கழன்றது என்று நினைத்துக்கொள்வார். அன்றைக்கு எத்தனை ஆணி என்று எண்ணிக்கொண்டே தூங்குவார். அவர் தூங்க ஆரம்பித்ததே அப்போதுதான்.

தேர்தல் நெருங்கியபோது கறுப்புக் கண்ணாடி கடைக்கு வந்தார். உட்காரவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைப் பார்க்காத மாதிரிப் பார்த்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. ஐயாவுக்கு ரொம்ப வருத்தம். அம்மா பேர்ல இந்தத் தெருவுல ஒரு கல் பெஞ்ச் போடலாம்னு சொல்றார். நல்ல கிரானைட். பேர் பொறிச்சு."

சலூன்காரர் கத்தியைத் தோல் பட்டையில் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டுவதை நிறுத்தவில்லை.

"ஐயாவுக்கே சீக்கிரம் உக்கார எடம் தேவைப்படும். அவர் பேர்லயே போடச் சொல்லுங்க."

"நீங்க ரொம்பப் பேசுறீங்க."

"ஆமா. இப்பதான் பழகுறேன்."

தேர்தல் நாளில் யாரும் எழுப்பாமலே எழுந்தார். சாவடி திறக்கும் முன்பே வரிசையில் முதல் ஆளாக நின்றார். டாக்டரம்மாவின் பெயர் தாளில் மூன்றாவதாக இருந்தது.

வாக்கு எண்ணிய மண்டபத்துக்கு வெளியே மறுநாள் பிற்பகல் முழுக்க நின்றார். முதலில் மேயர் முன்னால் இருந்தார். பிறகு சமம். பிறகு ஆற்றங்கரைப் பெட்டிகள் திறந்தன. ஒலிபெருக்கி முடிவைச் சொன்னபோது பல் டாக்டர் ஜெயித்திருந்தார். பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டம் முன்வாசலுக்கு ஓடியது. டாக்டரம்மாவைத் தோளில் தூக்க முயன்றார்கள், அவர் வேண்டாம் வேண்டாம் என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். யாரோ, "சலூன்காரரே, இங்க வாங்க!" என்று கூப்பிட்டார்கள். கறுப்புக் கண்ணாடிகூட ஒரு பூங்கொத்தோடு அந்தக் கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்.

சலூன்காரர் அங்கே போகவில்லை. பாதி வேலைதான் முடிந்திருந்தது. மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார்.

மேயர் அங்கே படிக்கட்டில் காருக்காகக் காத்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. கிட்டத்தில் பார்க்க, படங்களில் இருந்ததைவிடக் குட்டையாக இருந்தார். பிடரியில் முடி ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. யாரோ அவசரத்தில் வெட்டிய வேலை.

சலூன்காரரின் சிவந்த கண்ணைப் பார்த்ததும் மேயர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அழாதீங்க. உங்களை மாதிரி ஆளுங்க அன்பு இருக்கறவரைக்கும் எனக்கென்ன. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

சலூன்காரர் கையை உருவிக்கொண்டார். "நான் உங்க ஆள் இல்ல. உங்களத் தோக்கடிக்க ஓட்டுக் கேட்டவன். நடைபாதைத் தெருவுல சலூன் வச்சிருக்கேன்."

"ஓ." மேயர் சிரிக்க முயன்றார். "யாரோ ஒரு சலூன்காரர் வீடு வீடா சுத்துறார்னு சொன்னாங்க. எந்தக் கட்சி நீங்க?"

"கட்சி இல்ல. கம்பம்."

"எந்தக் கம்பம்?"

சலூன்காரர் அவர் முகத்தையே பார்த்தார். நடிப்பு இல்லை. அந்த ஆளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இத்தனை நாள் கறுவிய கறுவலில் இந்த ஒன்றை மட்டும் அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. தெரிந்தும் மறைக்கிறான், தெரிந்தும் ஓடுகிறான் என்றே நம்பியிருந்தார்.

"என் வீட்டுக்காரி பேர்ல பெஞ்ச் போடச் சொன்னீங்களே?"

"எந்த பெஞ்ச்?"

"உக்காருங்க" என்றார் சலூன்காரர்.

நாற்காலியில் ஆளை உட்காரவைத்துப் பழகிய குரல் அது. மேயர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சலூன்காரர் இரண்டு படி கீழே நின்று, முகத்துக்கு நேராக, சொல்ல ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. துண்டு மடித்ததிலிருந்து ஆரம்பித்தார். சத்தம் ஒரே இடத்தில் நின்றதைச் சொன்னார். நடுவில் மேயர் இரண்டு தடவை தலையைத் தூக்கி அங்கும் இங்கும் பார்த்தார். யாராவது வந்து, ஐயாவுக்கு நேரமாச்சு என்று சொல்வார்கள் என்று பழகிப்போன பார்வை. யாரும் வரவில்லை. முன்வாசலில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சாவி உங்க டிரைவர் சட்டப் பையில இருந்துச்சு" என்றார் சலூன்காரர். "நீங்க எங்க தெருவுக்கு எப்ப வந்தாலும் கார் உள்ள வரணும்னு."

"எனக்கு யாருமே சொல்லலையே."

"சொல்லத்தான் வந்தேன். விடல."

மேயர் நெற்றியைத் துடைத்தார். "ரொம்ப வருத்தமா இருக்குங்க. நிஜமா. நான் இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க. என்ன வேணாலும் செய்றேன்."

"ஒண்ணும் செய்ய வேணாம். இனிமே உங்களால ஒண்ணும் செய்ய முடியாது. அதுக்குத்தான் ஒவ்வொரு படியா ஏறி இறங்கினேன்."

கார் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். மேயர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார்.

"இன்னும் முடியல" என்றார் சலூன்காரர். "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் சொல்லியிருக்கேன்."

மேயர் காரைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.